கோதுமை இல்லாத மீன்

அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது ஜெனிட்டாவுக்கு மனப்பாடமே ஆகியிருந்தது, இருந்தாலும் ஓவனைப் போடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை படித்தாள், மீன், அரிசி மாவு, கடலை மாவு, சோள மாவு, உருளைக்கிழங்கு மாவு, எண்ணெய், உப்பு, மிளகு, அவ்வளவுதான், கோதுமை இல்லை, பார்லி இல்லை, ஒரு தடவை படித்துவிட்டு நம்ப முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், மற்றவர்கள் படிப்பதுகூட இல்லை, பெட்டியைக் கிழித்துத் தட்டில் கொட்டி உள்ளே தள்ளிவிட்டு டிவி பார்க்கப் போய்விடுகிறார்கள். பெட்டியின் மேல் மூலையில் வட்டத்துக்குள் ஒரு கோதுமைக் கதிர், அதன் குறுக்கே ஒரு கோடு. கதிரை வெட்டிப் போட்ட மாதிரி இருந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்ததில் விரல்கள் விறைத்துப் போயிருந்தன, உறைந்த மீன் உருகிவிடக் கூடாது, உருகினால் கிருமி வரும், கிருமி வந்தால், என்று நினைத்துச் சட்டென்று பெட்டியை மேடைமேல் வைத்தாள். நேற்றுச் சாயங்காலம் ஆல்வின் இதை மேசைமேல் வைத்தபோது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, தூத்துக்குடி வட்டாரத்தில் கட்டுமரக்காரனுக்குப் பேரனாகப் பிறந்துவிட்டு இங்கிலாந்தில் ஹல் என்கிற இந்தத் துறைமுக ஊரில் மருத்துவமனை நர்ஸாக வேலை பார்ப்பவன், வலை போட்டு இழுத்து வந்தவனைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். "எங்க புடிச்சீங்க அத்தான்?" என்று கேட்டாள். "ரெண்டு பஸ் மாறிப் போய்ப் புடிச்சேன். பெரிய கடையில கடைசி ஃப்ரீசர்ல கெடந்துச்சு. மாவு போட்ட மீனு, ஒனக்குன்னே செஞ்ச மாதிரி." அவள் பெட்டியைத் தொடாமல் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பயமா இருந்தா வேண்டாம் ஜெனி. நானே தின்னுட்டுப் போறேன். ஆனா நீ என்னத்தையாவது சாப்பிடு. இப்பிடியே போனா தாங்காது." யாருக்குத் தாங்காது என்று அவன் சொல்லவில்லை. இன்று மதியம் வேலைக்குக் கிளம்பும்போதும் சொல்லவில்லை, அவள் நெற்றியில் உதட்டை ஒற்றிவிட்டுப் போனான், அதற்கு முன்னால் பல் தேய்த்துவிட்டு வந்தான், காலையில் ரொட்டி தின்றிருந்தானாம். முத்தம் கொடுப்பதற்காகப் பல் தேய்க்கிற புருஷன். கல்யாணம் ஆன புதிதில் இதை யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஓவனைத் திருகினாள். உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது, எரிந்ததும் மூலையில் கறுப்பாக ஏதோ ஒன்று தெரிந்தது, துணுக்கு, முன்பு குடியிருந்தவர்கள் சுட்ட ரொட்டியின் துணுக்காக இருக்குமோ. காலையில்தான் ஈரத்துணியால் துடைத்தாள், துடைத்த துணியைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு துணியால் துடைத்தாள், ஆனால் மூலைக்கு விரல் எட்டவில்லை. ஓவனுக்குள் காற்று சுற்றும், காற்றாடி ஒன்று பின்னால் இருக்கிறது, துணுக்கு பறந்து வந்து மீன்மேல் உட்காரும். பறக்குமா, எரிந்து கரியான ரொட்டிக்கு இன்னும் விஷம் இருக்குமா, கரியில் கோதுமை செத்துப் போயிருக்காதா, கோதுமை சாகுமா. ஓவனை அணைத்தாள். சூடு ஏறுவதற்குள் தலையை உள்ளே விட்டுக் கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றி அந்த மூலையைச் சுரண்டினாள், கறுப்பு வந்துவிட்டது, வந்த பிறகு பார்த்தால் அது வெறும் துரு. மறுபடி போட்டாள். தட்டில் வெள்ளித்தாளை இரண்டாக மடித்து விரித்தாள். அவள் வேலையே இதுதான், வாரத்தில் ஐந்து நாள் குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு சின்னக் குப்பிகளில் வரும் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா ஆர்செனிக் இருக்கிறதா என்று தேடுவது, இருந்தால் எண் எழுதுவது, இல்லையென்றால் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதுவது. 'இல்லை' என்று எழுத மாட்டார்கள். இல்லை என்று சொல்ல எந்தக் கருவிக்கும் யோக்யதை கிடையாது, இந்தக் கருவியின் கண்ணுக்குப் படவில்லை என்றுதான் சொல்ல முடியும். இந்தப் பெட்டியில் போட்டிருக்கும் வெட்டுப்பட்ட கதிரும் அப்படித்தான், பத்து லட்சத்தில் இருபது பங்குக்குக் கீழே இருந்தால் இல்லாததுபோல என்று அர்த்தம், இல்லை என்று அர்த்தமில்லை. பத்தொன்பது இருந்தாலும் கதிரை வெட்டலாம். அந்தப் பத்தொன்பதும் போய்ச் சேருமிடம் எது, அவள் குடல் மட்டும்தானா, அல்லது அதற்குப் பக்கத்தில் ஒரு முட்டை அளவுகூட இல்லாத இடத்தில் சுருண்டு கிடக்கிற அதுவுமா.

அது. அதற்குப் பெயர் வைக்கவில்லை, பிள்ளை என்றுகூட மனசுக்குள் சொல்வதில்லை, ஆல்வினும் அவளும் 'அது' என்றுகூடச் சொல்லிக்கொள்வதில்லை, 'செவ்வாய்க்கிழமை ஸ்கேன்' என்று மட்டும் சொல்லிக்கொள்கிறார்கள். மூன்றாம் மாதம் பிறக்கப் போகிறது. முதல் தடவையும் மூன்றாம் மாதம் பிறக்கிற நேரம்தான். அந்த ஸ்கேன் அறையில் நீலச் சட்டை போட்ட பெண் வயிற்றில் ஜெல் தடவிவிட்டு முதலில் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், திடீரென்று பேச்சை நிறுத்தினாள், திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். துடிப்பு எனக்குத் தெரியவில்லை என்றாள். தெரியவில்லை என்றால் என்ன, கண்டறியப்படவில்லை என்றுதானே, இல்லை என்று அர்த்தமில்லையே, இன்னும் நல்ல கருவி வைத்துப் பாருங்கள் என்று ஜெனிட்டா சொன்னாள், தான் சொன்னதைத் தானே கேட்டாள், ஆல்வின் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான், கை எட்டாததால் காலைப் பிடித்திருந்தான். இரண்டாவது தடவை ஸ்கேன் வரைக்கும்கூடப் போகவில்லை. அதற்கும் பிறகுதான் ஒரு டாக்டர், ரத்தம் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று கேட்டு, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, உன் உடம்புக்குக் கோதுமை ஆகாது, பிறவியிலேயே அப்படி இருந்திருக்கும், கோதுமை உள்ளே போனால் உன் உடம்பு தன் குடலையே அரித்துக்கொள்கிறது, நீ எது சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது என்றார். அப்படியானால் அந்த இரண்டும், என்று அவள் கேட்டாள். காரணமாக இருந்திருக்கலாம் என்றார். லாம். அந்த லாமில்தான் அவள் அன்றிலிருந்து குடியிருக்கிறாள். அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள், இல்லை என்றிருந்தால் வேறு யாரையாவது திட்டியிருப்பாள், இருந்திருக்கலாம் என்றால் என்ன செய்வது. இந்தப் பெட்டியும் அதைத்தானே சொல்கிறது, சாப்பிடலாம் என்று. இரண்டுக்கும் ஒரே லாம்தான்.

நான்கு துண்டுகள் பெட்டிக்குள் கட்டை மாதிரி கிடந்தன. இரண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள், ஒன்று போதும், ஆனால் ஒன்றை மட்டும் வைத்தால் பார்க்கவே பாவமாக இருந்தது. மேலே மாவு வெளிறிப் போய், அங்கங்கே பனித்துகள் ஒட்டிக்கொண்டு, மீன் என்று சொன்னால்தான் மீன் என்று தெரியும். கண் இல்லை, செவுள் இல்லை, வாடை இல்லை. வாடை இல்லாததால்தான் இதைத் தொடவே முடிந்தது. இந்த ஒரு மாதமாகப் பச்சை மீன் வாடை வந்தாலே குடல் வாய்க்கு வருகிறது, அரிசி மாவும் மிளகாய்த் தூளும் தடவி வீட்டிலேயே பொரித்துத் தின்றால் இந்தப் பயமே வேண்டாம், ஆனால் கழுவ முடியவில்லை, ஆல்வின் கழுவினாலும் அடுத்த அறையில் இருக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை, பால் இறங்கவில்லை, போன வாரம் எடை பார்த்த மருத்துவச்சி உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் தெருமுனைக் கடையில் மாவில் முக்கிப் பொரிக்கிற மீனின் மணம் மட்டும், அந்த மொறுமொறுப்பான தோலின் மணம் மட்டும், ஆளை இழுக்கிறது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கடையைத் தாண்டுவாள், அருவருப்பினால் அல்ல, ஆசையினால், ஒருநாள் கடை வாசலில் நின்றேவிட்டாள், கண்ணாடி வழியாக அந்த ஆள் மீனை மைதாக் கரைசலில் தோய்ப்பதைப் பார்த்துக்கொண்டே வயிற்றைக் கைப்பையால் மறைத்துக்கொண்டாள், அதற்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுபோல. அதற்குத்தான் வேண்டுமோ என்னவோ. வயிற்றில் இருப்பது கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பார்கள். அது விஷத்தைக் கேட்டாலுமா.

தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினாள். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு துண்டுகளும் மஞ்சள் வெளிச்சத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் படுத்திருந்தன. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை விழவுமில்லை, விடவுமில்லை. பயம் என்பது வயிற்றில் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரியும், தொப்புளுக்கு மேலே இடதுபக்கம், வலியும் அங்கேதான் வரும், அதனால் எது பயம் எது வலி என்று பிரிக்க முடிவதில்லை. நோய் இன்னதென்று தெரிந்த பிறகும் முதல் ஐந்தாறு மாதம் ரத்தச் சோதனை சரியாக வரவில்லை, ரொட்டியை விட்டாயிற்று, சப்பாத்தியை விட்டாயிற்று, ரவை, சேமியா, முறுக்கு, எல்லாம் போயிற்று, இன்னும் எங்கிருந்து உள்ளே போகிறது என்று உணவு ஆலோசகர் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார். கடைசியில் பெருங்காயம். அம்மா ஊரிலிருந்து பார்சலில் அனுப்புகிற, ரசத்துக்கு ஒரு சிட்டிகை போடுகிற, வாயுவுக்கு நல்லது என்று வெந்நீரில் கரைத்துக் குடிக்கிற பெருங்காயம், டப்பாவின் அடியில் எறும்பு எழுத்தில் மைதா மாவு என்று போட்டிருந்தது. வயிறு வலிக்கிறதே என்று அவள் பெருங்காயத் தண்ணீர் குடித்தாள், குடித்ததால் வயிறு வலித்தது, வலித்ததால் குடித்தாள். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா உயிரோடு இருக்க மாட்டாள். அம்மாவிடம் சொல்லாததற்குக் கணக்கே இல்லை. இதையும் சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமையையும் சொல்லவில்லை, பூசையில் நன்மை எடுப்பதை நிறுத்திவிட்டதையும் சொல்லவில்லை.

அங்கே போய் நின்றது மனசு, எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது. நன்மை. பூசையில் சாமியார் கொடுக்கிற அந்த வெள்ளை அப்பம், காசு அளவுக்குக்கூட இல்லாத, நாக்கில் வைத்தால் கரைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற அப்பம், அதுவும் கோதுமைதான், கோதுமையைத் தவிர வேறொன்றுமில்லை. முதல் தடவை உண்டானபோது ஒரு ஞாயிறுகூட விடாமல் போனாள், வரிசையில் நின்று நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு இடத்துக்கு வந்து முழந்தாளிட்டுக் கண்ணை மூடி, இதைக் காப்பாற்றும், இதைக் காப்பாற்றும் என்று அந்த அப்பம் கரைகிற வரைக்கும் சொல்வாள், கரைந்து முடிவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று அவளாகவே ஒரு சட்டம் வைத்திருந்தாள். தினமும் தின்ற சப்பாத்திக்கு முன்னால் அந்த ஒரு துளி எம்மாத்திரம், டாக்டரே சொன்னார், ஆல்வினும் கணக்குப் போட்டுக் காட்டினான், எல்லாம் சரி, ஆனால் சப்பாத்தியை வாயில் வைத்துக்கொண்டு அவள் யாரையும் கெஞ்சவில்லையே. பீடத் துணியில் தங்க நூலால் கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் போட்டிருப்பார்கள், சின்ன வயதிலிருந்து பார்த்த கதிர், அதன் குறுக்கே இப்போது கண் தானாகவே ஒரு கோடு கிழிக்கிறது, கிழித்துவிட்டு நடுங்குகிறது. இங்குள்ள சாமியார் நல்லவர், கோதுமைச் சத்து குறைவான அப்பம் தனியாகத் தருவித்து வைக்கிறேன் மகளே என்றார். குறைவு என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம். அவள் இப்போது பூசைக்குப் போவாள், எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது உட்கார்ந்தே இருப்பாள், தாண்டிப் போகிறவர்கள் என்ன பாவம் செய்தாளோ என்று பார்ப்பார்கள், பார்க்கவில்லை என்று ஆல்வின் சொல்வான்.

மேசைமேல் ஃபோன் அதிர்ந்தது. தூக்கிவாரிப் போட்டது. அம்மா. வீடியோவில்தான் கூப்பிடுவாள். எடுக்காவிட்டால் எடுக்கிற வரைக்கும் கூப்பிடுவாள். கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டிச் சிவக்க வைத்துக்கொண்டு எடுத்தாள். தூத்துக்குடியில் இருட்டியிருந்தது, அம்மா ட்யூப்லைட்டுக்கு அடியில் பவுடர் பூசிப் பட்டுச்சேலையில் இருந்தாள்.

"என்னட்டி, எடுக்க இவ்வளவு நேரம்?"

"அடுப்படியில நின்னேம்மா. என்ன, சேலையெல்லாம் கட்டியிருக்க?"

"நம்ம ரொசாரி அக்கா பேரனுக்கு ஞானஸ்நானம். இப்பத்தான் வந்தேன். பிள்ள தண்ணி ஊத்துனப்போ அழவே இல்ல, சாமியாரைப் பாத்துச் சிரிக்கான்." அம்மா சிரித்தாள், சிரிப்பைப் பாதியில் மடித்து வைத்துக்கொண்டாள். "ஒன் மொகம் ஏன் வெளிறிக் கெடக்கு? லைட்டப் போடு."

"இங்க மழை மூட்டம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"மாப்ள?"

"வேலைக்குப் போயிருக்காங்க."

"நாளைக்குப் பூசைக்குப் போவியா?"

"போவேன்."

"நன்மை எடுப்பியா?"

"எடுப்பேன்மா."

"எடு. விட்டுராத." அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "மத்தபடி..." என்றாள்.

மத்தபடிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முன்பெல்லாம் 'மத்தபடி விசேஷம் ஏதும் உண்டா' என்று முழுசாகக் கேட்பாள். இரண்டாவது போன பிறகு விசேஷத்தை விட்டுவிட்டாள், மத்தபடியோடு நின்றுவிடுகிறாள், மாதக்கணக்காக அவர்கள் இரண்டு பேரும் அந்த மத்தபடியின் இரண்டு பக்கத்திலும் நின்றுகொண்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டால் என்ன. சொன்னால் அம்மா பனிமய மாதாவுக்கு நேர்ந்துகொள்வாள், தெரு முழுக்கத் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அதையும் தெரு முழுக்கச் சொல்ல வேண்டும், அம்மாதான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும், போன தடவை அப்படித்தான் போனாள். "மத்தபடி ஒண்ணும் இல்லம்மா" என்றாள் ஜெனிட்டா. "சரி. வச்சிருதேன்" என்றாள் அம்மா, ஆனால் உடனே வைக்கவில்லை, திரையில் ஒரு கணம் அவள் முகம் பெரிதாகி, பொத்தானைத் தேடுகிற விரல் வந்து மறைத்து, அணைந்தது.

ஓவன் மணி அடித்தது. கதவைத் திறந்ததும் வந்தது, அந்த மணம், அசல் தெருமுனைக் கடை மணம், எண்ணெயும் உப்பும் பொன்னிறமான மாவும், வாயில் எச்சில் அவளைக் கேட்காமலே ஊறிவிட்டது, அதே நொடியில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இவ்வளவு அசலாக இருக்கிறதே, எப்படி, கோதுமை இல்லாமல் இப்படி மணக்க முடியுமா, பெட்டி மாறிப் போயிருந்தால், தொழிற்சாலையில் பக்கத்து வரிசை மீன் இந்தப் பெட்டிக்குள் வந்துவிட்டிருந்தால், அங்கே வேலை பார்க்கிற யாரோ ஒருத்தி இரவெல்லாம் தூங்காமல் வந்து கை தவறி மாற்றிப் போட்டிருந்தால், யார் கண்டது, தானே ஒருநாள் குப்பிகளில் சீட்டு மாற்றி ஒட்டவில்லையா, கடைசி நேரத்தில் கண்டுபிடிக்கவில்லையா. தட்டைக் கொண்டுவந்து வைத்து எதிரில் உட்கார்ந்தாள். கரண்டியால் ஓரத்தை அழுத்தினாள், தோல் படக்கென்று உடைந்தது, உள்ளே ஆவி பறக்க வெள்ளை வெளேரென்று மீன், இதழ் இதழாகப் பிரிந்தது. மாவுத் தோலை உரித்துவிட்டு மீனை மட்டும் தின்றால் என்ன என்று தோன்றியது, தோன்றியதும் சிரிப்பு வந்தது, தோலுக்காகத்தானே இந்தப் பாடு. ஒரு துளித் தோலை நாக்கில் வைத்தாள். மேலண்ணத்தில் ஒட்டவில்லை. உப்பாக, மொறுமொறுவென்று, பல்லில் சத்தம் கேட்கிற மாதிரி நொறுங்கியது. விழுங்காமல் வைத்திருந்தாள். இதைக் காப்பாற்றும் என்று பழக்கத்தில் மனசு ஆரம்பித்தது, பாதியில் நிறுத்தினாள், யாரிடம் கேட்பது, கேட்டதால்தானே, நிறுத்து. விழுங்கினாள். இன்னொரு துண்டு. அதற்குப் பிறகு அவள் நினைக்கவில்லை, கை நினைத்தது, வாய் நினைத்தது, ஒரு மாதப் பட்டினி மொத்தமாக எழுந்து உட்கார்ந்து தின்றது, நிமிர்ந்து பார்த்தபோது ஒரு மீன் இருந்த இடத்தில் எண்ணெய்ப் பொட்டு மட்டும் இருந்தது.

இடைவேளையில் ஆல்வின் கூப்பிட்டான், பின்னால் தள்ளுவண்டிச் சக்கரங்களின் சத்தம். "சாப்பிட்டியா?" "ஒண்ணு சாப்பிட்டேன்." "வாந்தி?" "இல்ல." "எப்பிடி இருந்துச்சு?" நன்றாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள், சொன்னால் கண்பட்டுவிடும் என்று தோன்றியது, சொந்தக் கண்ணே படும். "தெரியல" என்றாள். "படுத்துக்கோ ஜெனி. ஒண்ணும் ஆவாது" என்றான், ஒன்றும் ஆகாது என்று சொல்லும்போது அவன் குரல் மேலே போகும், கேள்வி கேட்பதுபோல முடியும், அவனும் அவளிடமிருந்துதான் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைக்கிறான். சோபாவில் ஒருக்களித்துப் படுத்தாள். வயிறு என்ன செய்கிறது என்று கவனித்தாள். கவனிக்கக் கவனிக்க வயிறு ஏதாவது செய்துகொண்டே இருந்தது. ஒரு குமிழி நகர்ந்தது. எங்கோ ஒன்று இறுகி விட்டது. இது செரிமானம், நெடுநாள் கழித்துச் சாப்பிட்ட வயிறு சத்தம் போடாதா. பிறகு இடதுபக்கம் ஒரு பிடி பிடித்தது. பிடித்தது விடவில்லை. முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பத்தொன்பது. பத்தொன்பதாக இருக்காது, இருநூறாக இருக்கும், இரண்டாயிரமாக இருக்கும், பெட்டி பொய், கதிர் பொய், நாக்குக்கு அடிமையாகி ஒரு மீனுக்காக, வெட்கமில்லாமல் ஒரு மீனுக்காக. வலி இப்போது கீழே இறங்கியது, குடலுக்குக் கீழே, அங்கே இறங்கக் கூடாது, அது குடல் இல்லை, போன தடவையும் இப்படித்தான் கீழே இறங்கியது, முதுகைச் சுற்றிக்கொண்டு வந்தது, இதுவும் முதுகுக்கு வருகிறதா, வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை, வருகிறது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

உட்கார்ந்தாள். குனிந்து பார்க்க வேண்டும். இந்த ஒரு மாதமும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், குனிந்து பார்ப்பதற்கு முன்னால் உலகம் ஒரு மூச்சு நிற்கிறது, உள்ளாடையில் ஒரு பொட்டுச் சிவப்பு இருக்கிறதா இல்லையா என்பது பார்க்காத வரைக்கும் இரண்டுமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணுக்குள் சிவப்பாகத்தான் இருந்தது, எல்லாருக்கும் கண்ணை மூடினால் சிவப்புத்தான். பார்க்காமலே எழுந்து போய்விட்டால், செவ்வாய் வரைக்கும் பார்க்காமலே இருந்துவிட்டால். குளிர்ந்த தரை, உள்ளங்கால், குழாயில் சொட்டு, தாழ்ப்பாள் போடாத கதவு, வீட்டில் யாருமில்லை. போன தடவை ஆல்வின் கதவுக்கு வெளியே நின்று ஜெனி ஜெனி என்று தட்டிக்கொண்டிருந்தான், அவள் உள்ளேயிருந்து பதில் சொல்லவில்லை, பதில் சொன்னால் அது நடந்ததாகிவிடும். இப்போது தட்டுவதற்கு ஆளில்லை. ஒருத்தராவது தட்டினால் திறந்துவிடலாம். கண்ணைத் திறந்து குனிந்தாள்.

வெள்ளையாக இருந்தது. தாளால் துடைத்துப் பார்த்தாள், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வேலையில் குப்பியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கண்டறியப்படவில்லை. இல்லை, என்று வாய்விட்டுச் சொன்னாள், இல்லை இல்லை இல்லை, அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லிக் கேட்டதும் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். வயிற்றுக்குள் காற்று உருண்டு நீளமாக ஏப்பமாய் வந்தது. வலி பாதி போயிற்று. பாதி இருந்தது. இது இன்றைக்கு. நாளைக்கும் குனிய வேண்டும், நாளை மறுநாளும், செவ்வாய்க்கிழமை அந்தத் திரையை யார் பக்கம் திருப்புவார்களோ, அதற்குப் பிறகும் மாதக்கணக்கில், தனியாக, ஆல்வினையும் சேர்த்துக்கொண்டாலும் இரண்டு பேர், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிற இரண்டு பேர். இதைத் தூக்க இரண்டு பேர் போதாது என்று அவளுக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. எழுந்து போய் ஃபோனை எடுத்தாள். வீடியோ வேண்டாம், குரல் மட்டும்.

"என்னட்டி, இப்பத்தான பேசுன?"

"அம்மா."

"என்ன?"

"நான் முழுகாம இருக்கேம்மா."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. அம்மா மாதாவே என்று அலறவில்லை, அழவில்லை. நாற்காலி ஒன்று இழுபடுவது கேட்டது, உட்கார்ந்திருப்பாள்.

"எத்தனாவது மாசம்?"

"மூணு பொறக்கப் போவுது."

"வயித்துல வலி உண்டா?"

"கொஞ்சம் முன்னால இருந்துச்சு. இப்ப கொறஞ்சிருக்கு."

"ஏதும் பட்டுச்சா?"

"இல்ல. இப்பத்தான் பாத்தேன். இல்லம்மா."

அம்மா மூச்சு விடுவது கேட்டது, வெகுநேரமாகப் பிடித்து வைத்திருந்ததுபோல. "யார்ட்டயும் சொல்லல நான். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள், அவள் கேட்காமலே. பிறகு, "என்ன தின்ன?"

"மீனு."

"என்ன மீனு?"

"இந்த ஊரு மீனும்மா. காட்னு சொல்லுவாங்க. வெள்ளையா இருக்கும். எனக்கு ஆவுற மாவுல பொரிச்சது."

"எறங்குச்சா?"

"எறங்குச்சு. ஒண்ணு முழுசாத் தின்னுட்டேன். இன்னொண்ணு கெடக்கு."

"பசிக்குதா?"

பசிக்கிறதா என்று வயிற்றைக் கேட்டாள். பயத்துக்கு அடியில், வலி விட்டுப்போன இடத்தில், ஆமாம், பசிதான். "பசிக்குது" என்றாள்.

"அப்போ அதையும் தின்னு" என்றாள் அம்மா. "முள்ளு பாத்துத் தின்னு."

முள்ளெல்லாம் எடுத்துவிட்டுத்தான்மா விற்பார்கள் என்று சொல்ல வந்தாள், சொல்லவில்லை. ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மீன் ஆறிப்போயிருந்தது, தோல் கொஞ்சம் தொய்ந்திருந்தது. கரண்டியை விட்டுவிட்டுக் கையால் உடைத்தாள். ஒவ்வொரு இதழாகப் பிரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி, முள் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்து வாயில் போட்டாள். அம்மா ஃபோனை வைக்கவில்லை.

"தின்னுதியா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"தின்னுதேம்மா."